வீட்டுக்கு 48 வோல்ட் லித்தியம் பேட்டரியை நாமே கட்டலாமா?

கூரையில் சோலார் பேனல் இருக்கிறது, நான்கு டியூபுலர் பேட்டரிகளும் ஆயுள் முடியும் நிலையில் இருக்கின்றன, அவற்றுக்குப் பதிலாக 280 ஆம்பியர்-மணி லித்தியம் செல்கள் 16 வாங்கி நானே பேட்டரி கட்டி 5 கிலோவாட் இன்வெர்ட்டருடன் இணைக்கலாமா, எலக்ட்ரீஷியன் ஒரு எம்சிபி (மிகை மின்னோட்டத்தில் தானே விழும் சுவிட்ச்) போட்டால் போதும் என்கிறார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம். ஆனால் வீட்டு எம்சிபி போதாது. செல்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் முனைகளை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரை முடுக்குவது ஒரு நாள் வேலைதான். அந்தப் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே உள்ள ஒன்றரை மீட்டர் கேபிளும், இன்வெர்ட்டருக்கும் வீட்டுச் சுற்றுகளுக்கு மின்சாரம் பிரியும் டிபி பெட்டிக்கும் நடுவே உள்ள நியூட்ரலும் எர்த்தும்தான் உண்மையான வேலை. பலர் பணத்தையெல்லாம் செல்லில் கொட்டிவிட்டு, மிச்சமிருப்பதில் ஃபியூஸ் வாங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை அதற்கு நேர் எதிரானது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு செல் 3.2 வோல்ட், 16 செல்களைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் ஏறத்தாழ 14.3 யூனிட். அதில் 90 சதவீதத்தை எடுத்து, இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் கழித்தால் 11.5 யூனிட் கைக்கு வரும். இப்போதுள்ள நான்கு பேட்டரிகளும் 150 ஆம்பியர்-மணி என்றால் புதிதாக இருந்தபோதே அவற்றின் மொத்தம் 7.2 யூனிட்தான், ஈய அமிலப் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால், பயன்பட்டது மூன்றரை யூனிட் அளவே. ஃபிரிட்ஜுக்கு ஒன்றரை, பிஎல்டிசி மின்விசிறிகள் நான்குக்கு ஒன்றேகால், விளக்கு, டிவி, வைஃபை எல்லாம் சேர்ந்து ஒன்று, தண்ணீர் மோட்டாருக்கு அரை, ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி இரவில் ஆறு மணி நேரம் ஓட மூன்றரை முதல் நான்கு என்று கணக்குப் போட்டால் எட்டு யூனிட்டைச் சுற்றி வரும். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 50 வாட் குடிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது மட்டுமே ஒரு நாளைக்கு 1.2 யூனிட். எல்லாம் சேர்த்தும் உங்கள் பேட்டரி தாங்கும்.

பணம் மிச்சமாகுமா என்றால், தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருக்கும் நிலையில், மின்கட்டணக் கணக்கை மட்டும் வைத்துப் பேட்டரியை நியாயப்படுத்துவது கடினம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டா மாவட்டங்களில் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தவர்களுக்குக் கணக்கு வேறு. நீங்கள் மன்னார்குடிக்காரர் என்பதால் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

செல்லின் வகை லித்தியம் இரும்பு பாஸ்பேட்டாகவே இருக்கட்டும். 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் கண்டுபிடித்த இந்தச் சேர்மத்தில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் அது எளிதில் வெளிவந்து தீக்குத் துணைபோவதில்லை. மின்கார்களிலிருந்து கழற்றிய நிக்கல் வகைச் செல்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று யாராவது ஆசை காட்டினால், வீட்டுக்குள் அவை வேண்டாம் என்பதே என் கருத்து. இரும்பு பாஸ்பேட் எரியவே எரியாது என்றும் எண்ணிவிடக் கூடாது. உள்ளிருக்கும் மின்பகுபொருள் எரியக்கூடியது. மிகையாகச் சார்ஜ் ஏறினால் ஹைட்ரஜன் கலந்த வாயுக்கள் வெளிவரும்.

செல்கள் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் வோல்ட்டேஜையும் உட்தடையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வயிறு உப்பியவை, முனையில் பழைய திருகு அடையாளம் உள்ளவை, கியூஆர் குறியீடு சுரண்டப்பட்டவை ஆகியவற்றைத் திருப்பி அனுப்புங்கள். உட்தடை 0.2 மில்லிஓம் அளவில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இரட்டிப்பாக இருந்தால் அந்தச் செல்லால் மொத்தப் பேட்டரியின் கொள்ளளவும் குறையும்.

அடுத்தது மேல்மட்டச் சமன்படுத்தல், அதாவது எல்லாச் செல்களையும் ஒரே நிறைந்த நிலைக்குக் கொண்டுவருவது. இந்த வகைச் செல்லின் ஓய்வு வோல்ட்டேஜ் 30 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 மில்லிவோல்ட்தான் மாறும். ஆகவே எல்லாச் செல்லும் 3.30 காட்டுகிறது என்பதால் எல்லாம் ஒரே அளவு நிறைந்திருக்கின்றன என்று சொல்ல முடியாது. வேறுபாடு வெளிப்படுவது 3.40 வோல்ட்டுக்கு மேல்தான். அதனால் எல்லாவற்றையும் பக்கஇணைப்பில் (நேர்முனைகள் ஒன்றாக, எதிர்முனைகள் ஒன்றாக) சேர்த்து 3.60 வரை ஏற்ற வேண்டும். 16 செல்களையும் பக்கஇணைப்பில் சேர்த்தால் 4480 ஆம்பியர்-மணி. 40 சதவீதத்தில் வந்த செல்களை 10 ஆம்பியர் மேசைச் சார்ஜரால் அப்படியே நிரப்பப் பார்த்தால் பதினோரு நாள் ஆகும். இந்தக் காத்திருப்பில் பொறுமை இழந்து, ஆம்பியர் கூடட்டும் என்று வோல்ட்டேஜ் குமிழை 4, 5 என்று ஏற்றிவிட்டுத் தூங்கப் போவதுதான் செல்கள் உப்பிப்போவதற்கு மிக வழக்கமான காரணம்.

சரியான வழி வேறு. முதலில் பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து, எல்லை மீறினால் துண்டிக்கும் மின்னணுப் பலகை) இணைத்துத் தொடராகவே இன்வெர்ட்டர் வழியாக 40 ஆம்பியரில் ஏற்றுங்கள். நான்கைந்து மணி நேரத்தில் ஏதாவது ஒரு செல் 3.60ஐ எட்டி பிஎம்எஸ் துண்டித்துவிடும். அதன் பிறகு தொடர் இணைப்பை முழுவதும் கழற்றி, எல்லா நேர்முனையும் ஒரு பக்கம் வருமாறு செல்களைத் திருப்பி வைத்து, பக்கஇணைப்புச் செய்து, மேசைச் சார்ஜரை இணைக்கும் முன்பே 3.60 வோல்ட்டில் அமைத்துக்கொண்டு, மிச்சத்தை நிரப்புங்கள். தொடரில் செல்கள் மாறிமாறித் திரும்பி நின்றிருக்கும்; அதே நிலையில் விட்டுவிட்டு நீளமான பஸ்பாரை மேலே வைத்தால் அந்த நொடியே குறுக்குச் சுற்று. ஆகவே ஒவ்வொரு பஸ்பாரும் வைக்கும் முன் மீட்டரால் ஒரு முறை பார்ப்பது அவசியம். ஆம்பியர் ஓட்டம் ஓரிரண்டாகக் குறைந்ததும் சமன்படுத்தல் முடிந்தது.

பெட்டி கட்டும்போது செல்களின் பக்கவாட்டில் சீரான அழுத்தம் தேவை. இந்த அளவுச் செல்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுவது 300 கிலோகிராம் விசை. இரண்டு முனைத் தட்டுகளும் நான்கு திருகுகம்பிகளும் போதும். அதைவிட முக்கியம், செல்களுக்கு இடையே எப்பாக்சி கண்ணாடி இழைத் தகடு வைப்பது. நீல உறை மிக மெல்லியது. அதன் கீழே இருப்பது அலுமினியப் பெட்டி. ஒரு செல் 5.4 கிலோ, மொத்தம் 86 கிலோ. செல்கள் நகர்ந்து உராய்ந்து உறை கிழிந்தால் அடுத்தடுத்த செல்களின் உடல்கள் தொட்டுக்கொள்ளும். முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, உடனே பஸ்பாரை வைத்து முடுக்குங்கள், ஏனெனில் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் விரைவாக உருவாகிவிடும். எம்6 திருகுக்குப் பொதுவாக 4 முதல் 6 நியூட்டன்-மீட்டர்; டார்க் ஸ்பேனர் இல்லாமல் கைக்கணக்கில் முடுக்கினால் மென்மையான அலுமினிய மரை கிழிந்துவிடும். மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பேனரின் கைப்பிடி முழுவதும் டேப் சுற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பிஎம்எஸ் விஷயத்தில் நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, 200 ஆம்பியர் தொடர்ச்சியாகத் தாங்குமா என்பது. மற்றொன்று, சமன்படுத்தும் ஓட்டம். மலிவானவை உபரியை வெறும் தடையில் எரித்து 100 மில்லிஆம்பியர் அளவில் சமன்செய்யும்; ஒரு செல் 5 ஆம்பியர்-மணி பின்தங்கியிருந்தால் 50 மணி நேரம் வேண்டும், அதுவும் 3.40க்கு மேல் இருக்கும் நேரத்தில் மட்டும். நாளொன்றுக்கு அரைமணிதான் அந்த நிலையில் இருக்கும் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். செல்லுக்குச் செல் சார்ஜைக் கடத்தும் வகையில் 2 ஆம்பியர் கிடைக்கிறது. விலை வித்தியாசத்துக்கு அது தகும். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் பிஎம்எஸ்ஸுக்குக் காட்டும் உணர் ஒயர்கள் 17. முதல் ஒயர் மொத்த எதிர்முனையில் தொடங்கும். பிளக்கைப் பலகையில் செருகும் முன் அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையே ஒவ்வொன்றாக அளந்து, 3.3 வோல்ட் படிப்படியாகக் கூடிவருகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு ஒயர் இடம் மாறினாலும் பலகை புகைந்துவிடும்.

இனி எலக்ட்ரீஷியன் சொன்ன எம்சிபிக்கு வருகிறேன். 16 செல்களின் உட்தடை சேர்ந்தால் 3.2 மில்லிஓம், இணைப்புகளையும் சேர்த்து நான்குக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், முனையருகே குறுக்குச் சுற்று நேரும்போது 10,000 ஆம்பியருக்கு மேல் பாயும். வீட்டு எம்சிபியில் 6000 அல்லது 10000 என்று பொறித்திருப்பது மாறுமின்னோட்டத்துக்கான எண். மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் அதில் எழும் பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு. நேர்மின்னோட்டத்தில் அந்த வாய்ப்பே இல்லை. தொடுமுனைகள் விலகிய பிறகும் பொறி நின்று எரியும். டிசி (நேர்மின்னோட்ட) எம்சிபி என்று விற்பவற்றிலும் பல, நேர்முனையும் எதிர்முனையும் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து வேலை செய்பவை. சார்ஜ் ஏறும்போது ஒரு திசை, இறங்கும்போது மறுதிசை என்று ஓட்டம் மாறும் பேட்டரிச் சுற்றில் அவை பொருந்தாது. கையால் துண்டிப்பதற்காக, துருவ வேறுபாடு இல்லாத டிசி பிரேக்கர் ஒன்றை வைக்கலாம், ஆனால் குறுக்குச் சுற்றை அறுக்கும் பொறுப்பு ஃபியூஸுக்கே உரியது.

அந்த ஃபியூஸ் கிளாஸ் டி (Class T) வகையாக இருக்க வேண்டும். அது 20,000 ஆம்பியர் டிசியை அறுக்கக்கூடியது. நம் ஊர்க் கடைகளில் அது கிடைக்கவில்லை என்றால், டிசி வோல்ட்டேஜும் அறுக்கும் திறனும் உடலிலேயே பொறித்த என்எச் வகை எச்ஆர்சி ஃபியூஸை அதற்குரிய தாங்கியுடன் வாங்குங்கள். கார் ஸ்டீரியோக் கடைகளில் தொங்கும் ஏஎன்எல் ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது. அதை இங்கே வைப்பது வைக்காததற்குச் சமம். பிஎம்எஸ்ஸே துண்டிக்குமே என்று கேட்பார்கள். அதில் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டுகள் பழுதாகும்போது பெரும்பாலும் மின்னோட்டத்தை விடும் நிலையிலேயே உருகி நின்றுவிடும், அதாவது துண்டிக்க வேண்டிய நேரத்தில் துண்டிக்காது. ஃபியூஸைப் பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். ஃபியூஸுக்கு முந்தைய கேபிளுக்குப் பாதுகாப்பே கிடையாது.

அளவு இப்படி வரும்: 5000 வாட்டை, பேட்டரி தாழ்ந்திருக்கும் 48 வோல்ட்டாலும் 92 சதவீதத் திறனாலும் வகுத்தால் 113 ஆம்பியர். அதற்குக் கால்பங்கு கூட்டினால் 141; ஆகவே 150 அல்லது 160 ஆம்பியர் ஃபியூஸ். கேபிள் அந்த ஃபியூஸைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும் என்பதால், 35 போதும் என்று சிலர் சொன்னாலும் நம் ஊர் வெப்பத்துக்கு 50 சதுர மில்லிமீட்டர் செம்பு நெகிழ்கேபிளையே நான் சொல்வேன். போகவும் வரவும் சேர்த்து மூன்று மீட்டர் என்றால் முழுச் சுமையில் 0.12 வோல்ட்தான் இழப்பு. செம்பு பூசிய அலுமினியக் கேபிள்கள் சந்தையில் நிறைய உலவுகின்றன. ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும். கேபிள் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அறுகோணமாக நெரியுங்கள். சுத்தியலால் அடித்த லக், ஈயம் உருக்கி ஊற்றிய லக் இரண்டும் சூடேறித் தளரும்.

இன்வெர்ட்டரின் உள்ளே பெரிய மின்தேக்கிகள் காலியாக இருக்கும். பிரேக்கரை நேரடியாகப் போட்டால் நொடியின் சிறு பகுதியில் பல நூறு ஆம்பியர் பாய்ந்து, தொடுமுனையைப் பொசுக்கும், சில சமயம் பிஎம்எஸ்ஸையும் பழுதாக்கும். 50 ஓம், 25 வாட் தடை ஒன்றைச் சிறு சுவிட்சுடன் பிரேக்கருக்குக் குறுக்கே வைத்து, சில நொடிகள் அதன் வழியாக நிரப்பிவிட்டு, பிறகு பிரேக்கரைப் போடுங்கள். நூறு ரூபாய்க்கு உட்பட்ட வேலை.

அமைப்பு எண்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்வெர்ட்டரில் சார்ஜ் உச்சம் 55.2, ஃபுளோட் (நிறைந்த பிறகு தாங்கிப் பிடிக்கும் அளவு) 53.6, இறக்க எல்லை 48 முதல் 49 வோல்ட். ஈக்குவலைஸ் என்பதை நிறுத்திவிடுங்கள், அது ஈய அமிலத்துக்கானது. பிஎம்எஸ்ஸில் செல்லுக்கு மேலெல்லை 3.60, கீழெல்லை 2.80, சமன்படுத்தல் 3.40க்கு மேல். அன்றாடம் நிறுத்துவது இன்வெர்ட்டராகவும், அது தவறும்போது மட்டும் தலையிடுவது பிஎம்எஸ்ஸாகவும் இருக்க வேண்டும். பிஎம்எஸ் தினமும் துண்டிக்கிறது என்றால் ஏதோ அமைப்பு தவறு.

வீட்டுப் பக்கம் வயரிங்கில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் என்று ஒரு ஃபேஸ் ஒயரை மட்டும் தனியாக இழுத்துவிட்டு, நியூட்ரலை மெயினோடு பொதுவாக விட்டிருப்பார்கள். பழைய சிறிய இன்வெர்ட்டரில் அது ஓடியது. 5 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பேட்டரியில் ஓடும்போது ஃபேஸும் நியூட்ரலும் மெயினிலிருந்து முழுவதுமாகப் பிரியும். வெளியே நீங்கள் நியூட்ரலைச் சேர்த்து வைத்திருந்தால் அந்தப் பிரிவே பொருளற்றதாகிவிடும், இரண்டு ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் காரணமே தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே பேட்டரியில் ஓட வேண்டிய சுமைகளுக்குத் தனி டிபி பெட்டி, தனி நியூட்ரல் பட்டை, தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வைக்க வேண்டும். பழைய வீட்டில் இதற்காகச் சில சுற்றுகளின் நியூட்ரலைத் தேடிப் பிரிக்க வேண்டியிருக்கும்; சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்கக் கூடாது. இந்தப் பகுதியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள்.

இன்னொன்று, மெயின் இருக்கும்போது நியூட்ரல் மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் செய்யப்பட்டிருக்கிறது. மெயின் துண்டிக்கப்பட்டு இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது அந்தத் தொடர்பு போய்விடும். அப்போது ஃபிரிட்ஜ் உடலில் கசிவு ஏற்பட்டாலும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லாததால் ஆர்சிசிபி விழாது. நல்ல இன்வெர்ட்டர்கள் பேட்டரி நிலையில் மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளிருக்கும் ரிலேயால் இணைக்கும். உங்கள் இன்வெர்ட்டரின் கையேட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வெளியே ரிலே வைக்கலாம். நிரந்தரமாக ஓர் ஒயரால் இணைத்துவிடுவது மட்டும் கூடாது. அப்படிச் செய்தால் மெயின் இருக்கும்போது ஆர்சிசிபி விழும், அதோடு தெருவின் நியூட்ரல் ஓட்டத்தில் ஒரு பங்கு உங்கள் வீட்டு எர்த் குழி வழியாகப் போகத் தொடங்கும். பேட்டரி வைத்த இரும்புச் சட்டத்தை எர்த் செய்யுங்கள். பேட்டரியின் முனைகளில் எதையும், கையேடு சொன்னால் ஒழிய, எர்த் செய்யாதீர்கள். கூரை சோலாருக்கு நெட் மீட்டர் வாங்கியிருந்தால், இன்வெர்ட்டரை மாற்றுவது பற்றி மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்தில் முன்பே பேசிவிடுவது நல்லது. மின்தடையின்போது உங்கள் பேட்டரியிலிருந்து தெருக் கம்பிக்கு மின்சாரம் திரும்பிப் போகாது என்பது லைன்மேன் உயிர் சம்பந்தப்பட்டது.

இடத்தைப் பொறுத்தவரை, நம் வீடுகளில் இன்வெர்ட்டர் வைக்கும் வழக்கமான இடமான மாடிப்படியின் அடிப்பகுதி இதற்கு ஆகாது, ஏனென்றால் தீ என்று வந்தால் மாடியில் இருப்பவர்கள் இறங்கும் வழி அதுதான். படுக்கையறையும் வேண்டாம். மொட்டைமாடித் தகர அறையில் மே மாதம் 45 டிகிரியைத் தாண்டும். செல்லின் ஆயுள் அங்கே வேகமாகக் கரையும். தரைத்தளத்தில் காற்றோட்டமுள்ள வெளித்திண்ணை அறை, வெள்ளம் ஏறாத உயரத்தில் மேடை, கீழே சிமெண்ட் பலகை என்று அமையுங்கள். இன்வெர்ட்டரின் காற்றுத் துளைகளுக்கு நுண்வலை போடுங்கள். பல்லியும் எறும்பும் சர்க்யூட் பலகையில் ஏறிப் பழுதாக்கும் இன்வெர்ட்டர்கள் நம் ஊரில் கொஞ்சநஞ்சமல்ல.

இயக்கும் முதல் நாளில் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் போன்ற ஒரே சீரான சுமையைக் கொடுத்து, நிறைந்த நிலையிலிருந்து வெட்டு எல்லை வரை இறக்கிப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும், கொள்ளளவு உண்மையா என்பதும் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் மில்லிவோல்ட் அளவில் ஒவ்வொரு பஸ்பாரின் இரு முனைகளுக்கு இடையே அளந்து எழுதுங்கள். 40 ஆம்பியரில் நல்ல இணைப்பு நான்கு மில்லிவோல்ட்டைச் சுற்றிக் காட்டும். எல்லாம் நான்கு காட்டும்போது ஒன்று மட்டும் பதினைந்து காட்டினால், அங்கே தூசியோ தளர்வோ இருக்கிறது. சுமையை நிறுத்தி, கழற்றித் துடைத்து மீண்டும் முடுக்குங்கள். ஒரு மாதம் கழித்து இதே அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள்.

பேட்டரியை நிறுத்தும் வரிசையை வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் எழுதி ஒட்டுங்கள்: முதலில் சோலார் ஐசொலேட்டர், பிறகு வீட்டுச் சுமை, பிறகு இன்வெர்ட்டர், கடைசியில் பேட்டரி பிரேக்கர். வெயில் உச்சத்தில் சோலார் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியை முதலில் பிடுங்கினால், போக்கிடமில்லாத அந்த மின்னோட்டம் இன்வெர்ட்டரின் டிசி பக்க வோல்ட்டேஜை ஒரு கணத்தில் உயர்த்தி அதைக் கெடுத்துவிடக்கூடும்.